கேன்வாஸில் அக்ரிலிக், அறுபதுக்கு நாற்பத்தைந்து

டர்பனில், கடலைப் பார்த்த பூங்காவில்
மாதத்தின் முதல் ஞாயிறு ஓவியச் சந்தை.
என் இடம் பதினேழு. கழிவறைக்குப் போகும் வழி.
வாடகை கட்டிய அன்று அழுகை வந்தது.
இப்போது வரவில்லை:
எப்பேர்ப்பட்ட ரசிகனும்
ஒருமுறையாவது இந்தப் பக்கம் வந்துதானே ஆக வேண்டும்.

போன மாதம் என் மூன்று படங்களைக்
காற்று குப்புறத் தள்ளியது. ஆகவே இன்று
செங்கல், மீன்வலை, துணிக்கவ்வி.
விலையைப் பெரிதாக எழுதிவிட்டேன்.
எழுதாத விலையைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை;
"அழகா இருக்கு" என்று சொல்லி
அந்த அழகை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.
உட்காரவும் கூடாது. உட்கார்ந்தால்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலிருக்கும்.

நான் வரைவது ஜன்னல் கம்பிகள்.
சாட்ஸ்வொர்த்தில் திருடனுக்குப் பயந்து
வீட்டுக்கு வீடு அடித்த இரும்பு:
மயில், பாதிச் சூரியன், சிலந்தி வலை,
இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பூ.
எல்லாம் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தபடி.
பின்னால் எப்போதும் வெயில்.

பக்கத்து இடத்தில் நொம்புமெலேலோ
மணி கோத்து வரிக்குதிரை செய்கிறாள்.
பத்தரைக்குள் ஒன்பது விற்றுவிட்டது.
"என்னுடையதும் வெறும் கோடுதான்,
ஆனால் என் கோடுகளுக்குக் கால் இருக்கிறது"
என்று சிரித்தாள்.
என் கார்டு இயந்திரம் அதுவரை
சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவர் வந்தார்.
கழுத்தில் கண்ணாடி தொங்க, ஐஸ்கிரீம் விரல்வழி ஒழுக,
நாலாவது படத்தின் முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.
துண்டறிக்கையை நீட்டினேன். வாங்கவில்லை.

"மயிலுக்குக் கழுத்து இவ்வளவு வளையாது" என்றார்.
"அரை அங்குலக் கம்பி. இதுக்கு மேல வளைச்சா வெடிச்சிடும்.
வளைச்சவன் நான்.
கிஸ்டசாமி கவெண்டர், வெல்டிங், எழுபத்தொன்பதிலிருந்து."

சீட்டைப் பார்த்தேன்.
தலைப்பு இருந்தது, அளவு இருந்தது, விலை இருந்தது,
என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.
அதன் கீழே இரண்டு விரல் அகலம் வெள்ளை.
அவர் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.
என் பேனா காற்றில் காய்ந்திருந்தது,
நொம்புமெலேலோவின் பேனாவை வாங்கி எழுதினேன்:
இரும்பு வேலை, கிஸ்டசாமி கவெண்டர்.

கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தார்.
பிறகு என் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.
உட்கார்ந்தேவிட்டார்!
கழிவறைக்குப் போகிறவர்களை, திரும்புகிறவர்களை
ஒருவர் விடாமல் நிறுத்தினார்:
"இது நான் செஞ்சது. இந்தப் பொண்ணு பாத்து வரைஞ்சது.
அந்த வீடு இன்னும் இருக்கு.
திருடன் இன்னும் உள்ளே போகலை."

துண்டறிக்கையில் நான் எழுதியிருந்தது
"அடைப்புக்கும் ஒளிக்கும் இடையிலான உரையாடல்."
அதை மெதுவாகச் செங்கல்லுக்கு அடியில் தள்ளினேன்.

மூன்று மணிக்கு, உம்ஹ்லாங்காவிலிருந்து வந்த தம்பதி
சிலந்தி வலையை எடுத்துக்கொண்டார்கள்.
இயந்திரம் மூன்றாம் தடவையில் கார்டை ஒப்புக்கொண்டது.
சிவப்புப் பொட்டை ஒட்டும்போது
என் கட்டைவிரல் நடுங்கியதை
யாரும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன்.
அவர் சட்டைப்பையில் ஒரு கட்டு அட்டை இருந்ததாம்:
கேட், கம்பி, கிரில், மதிப்பீடு இலவசம்.
ஒன்றுகூட மிச்சமில்லை.
மூன்று வீட்டுக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்,
அதில் ஒன்று சிலந்தி வலை வாங்கியவர்கள்.
என் துண்டறிக்கை ஐம்பதில் நாற்பத்தாறு பாக்கி.

"அடுத்த மாசம் கழுத்தைச் சரி பண்ணிக் கொண்டா"
என்று சொல்லிவிட்டுப் போனார்,
வாடகையில் பாதி தருவதாகச் சொல்லவில்லை.

மயில் விற்கவில்லை.
வேனில் ஏற்றும்போது சாய்த்துப் பார்த்தேன்.
கழுத்து கொஞ்சம் அதிகம்தான்.